கோப்ராவா, செவனா? இன்ஜினை முதலில் சொல்லுங்கள்

கேள்வி: அண்ணே, எனக்கு 52 வயது. பெர்த்தில் இருக்கும் மச்சான் வீட்டு கராஜில் ஒரு கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கோர்க்கும் வண்டி) கட்டலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு கோப்ரா ஆசை, அவருக்கு லோட்டஸ் செவன் மாதிரி ஒன்று. பழைய கார்புரேட்டர் இன்ஜின் மட்டும் வேண்டாம், புதுசாக இருக்க வேண்டும். எதை வாங்கலாம்? பின்னால் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டு என்னைத் திட்டுவீர்கள். கொண்டுவரும் ஆசையை விட்டுவிடுங்கள். யூரோ 6 புகைத் தரம், பாதுகாப்புச் சோதனை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் கேட்கும் சான்றுகளுக்கு, கராஜில் கோர்த்த வண்டியை வைத்துக்கொண்டு நீங்களும் மச்சானும் எங்கே போவீர்கள்? அதையும் தாண்டினால் சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், நிற்கிறது. 1,600 சிசிக்கு மேல் போனாலே பி பிரிவு. அது ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதை எல்லாரும் பார்த்தாயிற்று. வண்டி பெர்த்திலேயே இருக்கட்டும், ஐந்து மணி நேரம் பறந்து போய் ஓட்டிவிட்டு வாருங்கள்.

சரி, கிட்டுக்கு வருவோம். முக்கால்வாசிப் பேர் பாடியின் அழகில் மயங்கிக் கிட்டை வாங்கிவிட்டு, அப்புறம் எந்த இன்ஜின் உள்ளே உட்காரும் என்று டேப்பை எடுத்து அளக்கிறார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் எது என்று முடிவான பிறகுதான் கிட் பக்கமே போக வேண்டும்.

1962-இல் கேரல் ஷெல்பி பிரிட்டனின் ஏசி ஏஸ் வண்டிக்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினை வைத்ததில் பிறந்தது கோப்ரா. அதனால் ஃபோர்டு வைப்பதுதான் முறை என்று எல்லாரும் ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் கொயோட் இன்ஜினைக் கேட்கிறார்கள். நல்ல இன்ஜின்தான், ஆனால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), அதனால் மேல்பக்கம் ரொம்ப அகலம். ஃபோர்டின் பழைய 302 வி8 சௌகரியமாக உட்கார்ந்த இடத்தில் இதை இறக்கினால் உங்கள் கால் வைக்கும் பெட்டியைத்தான் குறுக்க வேண்டிவரும். ஆஸ்திரேலியாவில் ஸ்டீயரிங் நம்மைப் போல வலது பக்கம் என்பதால் அதன் தண்டும் வலது பக்க எக்ஸாஸ்ட் குழாய்களை ஒட்டித்தான் நுழைந்து போக வேண்டும். அமெரிக்கக் கிட் என்றால் வலது ஸ்டீயரிங்குக்கு என்ன செய்து தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்3 வி8 இன்ஜின் 6.2 லிட்டர் என்றாலும் பிளாக்குக்குள்ளேயே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், ஆகவே கச்சிதம். கோப்ராவில் நான் அதைத்தான் வைப்பேன். ஃபோர்டு பக்தர்கள் கல்லெறியட்டும்.

ஆனால் இது நீங்கள் கட்டும் முதல் வண்டி என்பதால் என் ஓட்டு மச்சானுக்குத்தான். மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை முழுசாக வாங்கிப் பிரித்து, அதன் பாகங்களை ஏற்கும் செவன் வகைக் கிட்டில் மாட்டுங்கள். இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, கியர்பாக்ஸ் அதோடு ஒட்டியே வருகிறது, பின்சக்கர ஓட்டம். ஹோண்டா கே20 என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது குறுக்குவாக்கில் உட்காருவதற்காகச் செய்த இன்ஜின். திருப்பி வைக்க வேறு பெல்ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), வேறு கியர்பாக்ஸ், ஆழம் குறைந்த ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்று செலவு வளர்ந்துகொண்டே போகும்.

'முழுசாக' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்தது என்று இன்ஜினை மட்டும் வாங்கிவந்தார். புது இன்ஜின்களில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, எல்லாம் மின்சாரம். பெடலும் இசியூ என்ற இன்ஜின் கணினியும் வயரிங்கும், சாவியில் இருக்கும் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசரும் ஒரே குடும்பம். மனிதர் எட்டு மாதம் வயர்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார், அவர் மனைவி அதன் நடுவில்தான் தோசை வைப்பார்.

இரண்டு வண்டியிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். செவனில் பெடல்கள் அவ்வளவு நெருக்கம், நீங்கள் போடும் அகலமான ஷூவோடு பிரேக்கை மிதித்தால் பக்கத்துப் பெடலும் சேர்ந்து அமுங்கும். மெல்லிய ஷூதான் சரி. கோப்ராவில் எக்ஸாஸ்ட் கதவுக்குக் கீழே வெளியில் ஓடுகிறது. பெர்முடாவோடு இறங்கினால் கெண்டைக்கால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும், அந்தத் தழும்பைப் பெருமையாகக் காட்டுகிறவர்களும் உண்டு.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் இப்படிக் கட்டும் வண்டிகளுக்கு விஎஸ்பி 14 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது, எடைக்கு ஏற்ற சிசி வரம்பும் அதில் வரும். கையெழுத்துப் போடப்போகும் இன்ஜினீயரை முதல் போல்ட்டை முடுக்கும் முன்பே மச்சான் பார்க்கட்டும். கட்டி முடித்துவிட்டுப் போனால் பாதியைப் பிரிக்கச் சொல்வார்.

கேள்வி: போர்ஷ 356 ஸ்பீட்ஸ்டர் நகலில் சுபாரு இன்ஜின் வைக்கலாமா?
- வாசகி, பாசிர் ரிஸ்

பதில்: தாராளமாக. இந்த நகல்களில் பல ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைச்சட்டத்தைக் குறுக்கிச் செய்தவை, கியர்பாக்ஸும் பீட்டிலுடையதுதான்; அதற்கும் சுபாருவுக்கும் நடுவே போட அடாப்டர் தட்டு விற்கிறார்கள். இரண்டு இன்ஜினும் படுத்த நான்கு சிலிண்டர் வகை என்பதால் உயரமும் ஒத்துவரும். சிக்கல் தண்ணீரில்தான். பீட்டில் இன்ஜின் காற்றில் குளிர்கிறது, சுபாருவுக்கு ரேடியேட்டர் வேண்டும், அது முன்னால், இன்ஜின் பின்னால். இரண்டுக்கும் நடுவே குழாய் எந்த வழியாகப் போகிறது, உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றை எங்கே வெளியேற்றுவது என்று விற்பவரிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் வேறு கிட் பாருங்கள்.