மரபணுப் படியெடுப்பு: கேள்வி பதில்

கேள்வி: கண்ணிலும் கல்லீரலிலும் டிஎன்ஏ ஒன்றுதான். அப்புறம் ஏன் இரண்டும் வேறு வேறு?

பதில்: எதைப் படியெடுப்பது என்பதில்தான் வேறுபாடு. நம்மிடம் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் செல் இரத்தப் புரதமான அல்புமினின் மரபணுவை, புரதம் செய்ய உதவும் நகலான ஆர்என்ஏவாகப் படியெடுத்துத் தள்ளுகிறது. கண் வில்லையோ தன் புரதமான கிரிஸ்டலினின் மரபணுவை. டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டும் புரதங்கள்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் பால் சர்க்கரையான லாக்டோஸை உள்ளே விடும் புரதத்தின் மரபணுவே லாக் ஓபெரானில்தான் (லாக்டோஸைக் கையாளும், ஒன்றாகப் படியெடுக்கப்படும் மரபணுத் தொகுப்பு) இருக்கிறது. ஓபெரான் மூடியிருந்தால் லாக்டோஸ் எப்படி நுழையும்?

பதில்: மிக நல்ல கேள்வி. ஓபெரான் முழுதாக மூடுவதே இல்லை. அதை அடைத்திருக்கும் ரெப்ரசர் புரதம் அவ்வப்போது டிஎன்ஏவை விட்டு நழுவும். அந்த இடைவெளியில் சில புரதங்கள் உருவாகிவிடும். அவை வழியாகக் கொஞ்சம் லாக்டோஸ் நுழைந்து, அல்லோலாக்டோஸாக மாறி, ரெப்ரசரில் ஒட்டும். அதன் பிடி தளரும். குளுக்கோஸும் தீர்ந்திருந்தால்தான் படியெடுப்பு முழு வேகம் பிடிக்கும். விஞ்ஞானிகள் ஜாக்கோபும் மோனோவும் 1961இல் இந்த மாதிரியை முன்வைத்தபோது ரெப்ரசரை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைச் செய்தது 1966இல். தயவுசெய்து மரபணுவை சுவிட்ச் என்று நினைக்காதீர்கள். அது கசியும் குழாய்.

கேள்வி: மனித மரபணுவை ஆன் செய்யும் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

பதில்: சுவிட்ச் இல்லை, மேலே சொன்னேன். படியெடுப்பைக் கூட்டும் டிஎன்ஏ பகுதியான என்ஹான்சர் வெகுதூரத்திலும் இருக்கலாம். கை கால் வளர்ச்சியில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை இயக்கும் என்ஹான்சர் சுமார் 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரல் முளைக்கலாம்.

கேள்வி: தியானத்தால் மரபணுவை ஆன் செய்யலாமா?

பதில்: விரும்பிய மரபணுவை நினைத்தபடி இயக்க முடியாது.

கேள்வி: வெகுதூரத்து டிஎன்ஏவும் மரபணுவை இயக்கும் என்றால், பயனில்லாத 'குப்பை டிஎன்ஏ' என்று எதுவுமே இல்லையே? மனித டிஎன்ஏவில் 80 சதவீதம் வேலை செய்வதாக 2012இல் என்கோட் ஆய்வுத் திட்டம் சொன்னதே?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓரிடத்தில் புரதம் ஒட்டுவதோ ஆர்என்ஏ உருவாவதோ உயிர்வேதி நிகழ்வு; அதை வைத்தே உடலுக்குப் பயன் என்று சொல்ல முடியாது. கசிவு பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: தேவையில்லாமலே ஆர்என்ஏ உருவாகலாம்.

கேள்வி: பயனில்லாததைப் பரிணாமம் ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: சுமை பெரிதாக இல்லாவிட்டால் அது நீங்குவதில்லை. வெங்காயத்தின் டிஎன்ஏ நம்முடையதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அத்தனையும் தேவை என்பவர், நம்மைவிட வெங்காயத்துக்கு அவ்வளவு எதற்கு என்று விளக்க வேண்டும்.