கென்ட் பரீட்சையில் 329: மேன்முறையீட்டுக்கு எதைக் கொண்டுபோவது?

கேள்வி: மகள் ஆறாம் ஆண்டு. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், கிராமர் பாடசாலைக்கான (பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரச பாடசாலை) இலெவன் பிளஸ் நுழைவுப் பரீட்சையில் கணிதம் 116, ரீசனிங் (தர்க்கத் திறன்) 110, ஆங்கிலம் 103, மொத்தம் 329. கிராமர் பாடசாலைக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்துவிட்டது. பரீட்சையன்று அவளுக்குக் காய்ச்சல். ஓகஸ்டில் பிறந்ததால் வகுப்பிலும் சின்னவள். டியூஷனில் எழுதிய மாதிரிப் பரீட்சைகளில் நல்ல புள்ளி எடுத்தவள். அதிபரோ கடிதம் தரமாட்டேன் என்கிறார். அப்பீல் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் திகதியைப் பாருங்கள். ஒக்டோபர் 31க்குள் கவுன்சில் விண்ணப்பத்தில் அந்தக் கிராமர் பாடசாலையின் பெயர் இருக்க வேண்டும். விண்ணப்பித்து, மறுக்கப்பட்ட பாடசாலைக்கு மட்டுமே மேன்முறையீடு உண்டு. "தோற்றாயிற்றே" என்று பெயரை எடுத்துவிட்டால் மார்ச்சில் கேட்பதற்கு ஒன்றும் இராது. பெயரை வைத்திருப்பதால் மற்றப் பாடசாலைகளில் உள்ள வாய்ப்புக் குறையாது. அதே பட்டியலில், உங்களுக்குப் பிடித்த சாதாரணப் பாடசாலை ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

கென்டில் அண்மைய ஆண்டுகளில் கேட்கப்பட்டது மொத்தம் 332, அத்தோடு ஒவ்வொரு தாளிலும் ஏறத்தாழ 107. இந்தத் தாள் எல்லை ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு புள்ளி மாறும். ஆகவே "மூன்றே மூன்று புள்ளிதானே" என்று வாதாட வேண்டாம். மேன்முறையீட்டை விசாரிக்கும் குழு விரலை வைக்கப்போவது ஆங்கிலத்தின் 103இல். உங்கள் ஆவணங்கள் முழுக்க அந்த 103ஐ நோக்கியே இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் 2022 மேன்முறையீட்டு விதிக்கோவை இதில் தெளிவாக இருக்கிறது. பிள்ளை அன்று தன் திறமையைக் காட்டவில்லை என்று பெற்றோர் சொன்னால், பிள்ளை கிராமர் தரத்தில் இருக்கிறாள் என்பதற்குச் சான்று இருந்தால் மட்டுமே குழு ஏற்கலாம். குழு தானாக ஒரு கணக்கோ கட்டுரையோ கொடுத்துச் சோதிக்கக் கூடாது. நீங்கள் கொடுக்கும் தாள்களே எல்லாம். ஆகவே காய்ச்சல் ஒரு விளக்கம் மட்டுமே, சான்று ஆகாது. ஜீபியின் (குடும்ப வைத்தியர்) திகதியிட்ட குறிப்போ, அன்று பாடசாலைக்குச் சொன்னதற்கான மின்னஞ்சலோ இருந்தால் இணையுங்கள். "சுகமில்லை என்றால் ஏன் அனுப்பினீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். காலையில் லேசாக இருந்து பிறகு கூடியது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

ஓகஸ்ட் பிறப்பை விட்டுவிடுங்கள். புள்ளிகள் வயதுக்கேற்ப ஏற்கெனவே சரிசெய்யப்பட்டவை. மாதிரிப் பரீட்சைப் புள்ளிக்கும் டியூஷன் ஆசிரியரின் கடிதத்துக்கும் எடை குறைவு. காசு வாங்கிப் படிப்பிப்பவரின் சொல் என்றே குழு அதைப் பார்க்கும்.

எடை உள்ளது பாடசாலையின் பதிவுகளுக்கு. கடிதம் மறுத்தாலும், தரவை மறுப்பது அதிபருக்குக் கடினம். "கடிதம் வேண்டாம், புள்ளிவிபரம் மட்டும் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் பாடசாலையானால் கல்விப் பதிவைப் பெற்றோருக்கு 15 பாடசாலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். அகடமிக்கு (கவுன்சிலின் கீழ் இல்லாத அரச பாடசாலை) அந்த விதி இல்லை. ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால் ஒரு மாதத்தில் தரவேண்டும். ஐந்தாம் ஆண்டு இறுதி அறிக்கை, வாசிப்பு வயது, தரப்படுத்திய பரீட்சைப் புள்ளிகள் ஆகியவற்றைக் குறிப்பாகக் கேளுங்கள். கேட்-4 (பாடசாலைகள் வைக்கும் சிந்தனைத் திறன் பரீட்சை) போன்றவற்றில் சராசரி 100. 110 என்றால் ஏறத்தாழ மேல் கால்வாசி. கென்ட் கிராமருக்குத் தேடுவதும் ஏறக்குறைய அந்தக் கால்வாசியைத்தான். ஆகவே 110 விளிம்பு, 118 அல்லது 120 இருந்தால்தான் பேசும். ஆறாம் ஆண்டு சாட்ஸ் (தேசியப் பரீட்சை) முடிவை நம்பியிருக்காதீர்கள், அது ஜூலையில்தான் வரும்.

அதிபரோ வகுப்பாசிரியரோ மனம் மாறினால், என்ன எழுதவேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுக்கலாம், தவறில்லை. "ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, எல்லோரோடும் நன்றாகப் பழகுவாள்" என்ற கடிதத்தால் பயன் இல்லை. "ஆங்கிலத்தில் எமது ஆண்டின் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. ஜூன் மாத வாசிப்புப் பரீட்சையில் 121. பரீட்சையின் 103 எமக்கு வியப்பளித்தது" என்ற மூன்று வரி போதும், அது உண்மையாக இருந்தால். பயிற்சிக் கொப்பிகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆசிரியரின் குறிப்போடு அண்மைய ஆங்கில எழுத்து மூன்று நான்கு பக்கம் பிரதி எடுத்தால் போதும்.

கிராமர் பாடசாலைகள் உள்ள இன்னொரு மாவட்டமான பக்கிங்ஹம்ஷயரில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே தகுதிப் புள்ளியான 121க்குக் கீழ் வந்தவர்கள், மேன்முறையீட்டுக்கு முன்பே, மீளாய்வு கேட்கலாம். அதில் தோற்றபின் மேன்முறையீட்டுக்குப் போனால், மீளாய்வு நியாயமாக நடந்ததா என்பதே முதல் கேள்வி. அது நியாயமாக நடந்தது என்று தீர்ந்துவிட்டால் பிள்ளையின் திறமைக்குள் குழு நுழையவே முடியாது. நல்ல சான்று கையில் இருந்தும் அரைகுறையாக மீளாய்வுக்கு அனுப்பி, பின்வாசலையும் பூட்டிக்கொள்வது இப்படித்தான்.

இடங்கள் நிரம்பிய பாடசாலையென்றால் இரண்டாவது தடையும் இருக்கிறது. தரத்தைக் காட்டினாலும், பாடசாலைக்கு வரும் நெருக்கடியை விட உங்கள் காரணம் வலியது என்று காட்ட வேண்டும். பயணம், அங்கேயே படிக்கும் சகோதரி, மற்றப் பாடசாலையில் இல்லாத பாடம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்ல பாடசாலை" என்று சொல்லிப் பயனில்லை. தகுதி பெறாதோரின் அப்பீல் போன ஆண்டு எத்தனை வந்தது, எத்தனை வென்றது என்று அனுமதி அலுவலகத்தையே கேளுங்கள்.

எந்தப் பாடசாலையில் இடம் என்ற முடிவு மார்ச் 1இலோ அடுத்த வேலைநாளிலோ வரும். மேன்முறையிட அன்றிலிருந்து குறைந்தது 20 பாடசாலை நாட்கள் தருவார்கள். அந்தக் கடைசித் திகதியிலிருந்து 40 பாடசாலை நாட்களுக்குள் விசாரணை நடக்கவேண்டும். குழுவில் குறைந்தது மூவர். உங்கள் எழுத்துக் கூற்று இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நண்பரையோ உறவினரையோ துணைக்குக் கூட்டிப் போகலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் கிளார்க்கிடம் (விசாரணையை ஒழுங்கு செய்பவர்) முன்கூட்டியே சொல்லுங்கள். தீர்ப்பு ஐந்து பாடசாலை நாட்களுக்குள் தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும். அதே பாடசாலைக்கு அதே கல்வியாண்டில், நிலைமை பெரிதாக மாறினாலன்றி, மறுபடி கேட்க முடியாது. இரண்டு கிராமர் மறுத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே போடலாம்.

மார்ச்சில் கிடைக்கும் மற்றப் பாடசாலை இடத்தை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் அப்பீல் பலவீனமாகாது. மறுத்துவிட்டால்தான் செப்டெம்பரில் பிள்ளைக்கு ஒரு இடமும் இல்லாமல் போகலாம்.