கதிர் பட்ட எலியும் தூக்கம் கெட்ட அம்மாவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் உங்கள் மகள், கதிர்வீச்சு பட்ட உறுப்புகளில் டிஎன்ஏ எப்படி உடைகிறது, எப்படிச் சரியாகிறது என்று ஆராயப் போகிறேன் என்கிறாள். அவளுக்கே புற்றுநோய் வந்துவிடுமோ என்பது உங்கள் கேள்வி.

அம்மா, கதிர்வீச்சுக் கருவி தடித்த கவசத்துக்குள் இருக்கும். கதவு சரியாக மூடாவிட்டால் இயங்காது. எக்ஸ் கதிரோ காமா கதிரோ பட்ட ஆய்வு எலி தானே கதிர் வீசாது. டார்ச் அணைந்தபின் சுவர் ஒளிர்வதில்லையே, அதுபோல. பணியாளருக்கான சட்ட வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிரால் உடலுக்கு வரும் தீங்கைக் கணக்கிடும் அலகு). பட்ட கதிரின் அளவைக் காட்டும் வில்லையைச் சட்டையில் மாட்டியிருப்பார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது கூரான கத்தி, காரக் கரைசல், டிஎன்ஏவில் ஒட்டும் சாயம் ஆகியவற்றைப் பற்றித்தான்.

இந்த வேலை கேட்பது துணிச்சலை அல்ல, கடிகாரத்தை. 1 கிரே (உடல் வாங்கும் கதிர் அளவின் அலகு) கதிர் ஒரு செல்லில் ஏறத்தாழ 1000 ஒற்றை இழை முறிவுகளையும் (டிஎன்ஏவின் இரு இழைகளில் ஒன்று மட்டும் உடைவது), சில பத்து இரட்டை இழை முறிவுகளையும் (இரண்டும் உடைவது) உண்டாக்கும். ஒற்றை இழை முறிவுகளில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடும். அதனால் கல்லீரலையோ மண்ணீரலையோ எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்த டிஎன்ஏவை வெட்டும் நொதிகளைத் தடுக்கும் ஈடிடிஏ கரைசலில் போட வேண்டும். பத்து நிமிடம் மேசையில் கிடந்தால், நீங்கள் அளக்க நினைத்த முறிவு உங்கள் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கும்.

அதிகம் பயன்படுவது கோமெட் சோதனை. உறுப்பைக் கூர் கத்தியால் பொடியாக நறுக்கி, வடிகட்டி, செல்களை 37 பாகை செல்சியஸில் உள்ள அகரோஸ் என்ற ஜெல்லில் கலந்து கண்ணாடித் தகட்டில் படரவிடுவார்கள். உப்பும் சவ்வைக் கரைக்கும் பொருளும் சேர்ந்த பிஎச் 10 கரைசலில் குறைந்தது 1 மணி நேரம். பிறகு பிஎச் 13க்கு மேலான காரத்தில் 20 நிமிடம். அதன்பின் சென்டிமீட்டருக்கு 0.7 வோல்ட் மின்சாரம். உடைந்த டிஎன்ஏ வால்நட்சத்திரம் போல வால் நீட்டும். வாலில் எத்தனை விழுக்காடு டிஎன்ஏ என்பதே கணக்கு. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 489ஆம் வழிகாட்டி, ஒரு விலங்கின் ஓர் உறுப்புக்கு 150 செல்கள் பார்க்கச் சொல்கிறது.

மழுங்கிய கத்தியால் நசுக்கினாலும், அகரோஸ் சூடாக இருந்தாலும், கதிரே படாத ஒப்பீட்டு எலியும் வால் காட்டும். அந்த நாளின் தகடுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தகட்டில் முதலில் பூசும் அகரோஸ் பூச்சு சரியாகக் காயாவிட்டால் ஜெல் நழுவி மிதக்கும். இரட்டை முறிவை மட்டும் பிரித்துப் பார்க்க இச்சோதனை உதவாது. அதற்கு, முறிந்த இடத்தில் தோன்றும் காமா எச்2ஏஎக்ஸ் என்ற புரதக் குறியை எண்ணுவார்கள். அது ஏறத்தாழ அரை மணியில் உச்சம் தொட்டுப் பின் இறங்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: எலிகளைக் கொல்ல வேண்டும். வீட்டில் சைவம் என்றால், மகளால் அது முடியுமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாம் ஆண்டில் அழுதுகொண்டு பாடம் மாற்றுவதைவிட இது நல்லது.

ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வில் உயிரியலோடு வேதியியலும், கணிதம் அல்லது இயற்பியலும் வேண்டும். மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வையும் அலட்சியப்படுத்த வேண்டாம். யுகேஎம், யுபிஎம், யுஎஸ்எம் ஆகிய பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவ அறிவியல் இருக்கிறது. யுகேஎம்மில் அணு அறிவியலும் உண்டு. ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் முதுகலை, முனைவர் பட்டம் வரை போக வேண்டும். வெறும் பட்டத்தோடு இந்தத் துறையிலேயே வேலை என்று நம்பி இறங்க வேண்டாம். ஆனால் கோமெட் சோதனை தெரிந்த கைக்கு, மருந்தும் பூச்சிக்கொல்லியும் மரபணுவைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் கூடங்களிலும் மதிப்புண்டு. தோட்டத்தில் பூச்சிமருந்தடித்த குடும்பத்துப் பெண்ணுக்கு அது அந்நியமான கேள்வியும் அல்ல.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு எடுக்குமுன், விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மேற்பார்வையாளர் கையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று அவள் கேட்கட்டும். இல்லையென்றால், அதற்குக் காத்திருப்பதிலேயே பருவம் ஓடிவிடும்.