'ஓஐசி கோட்டா'வில் ஹஜ் சீட்டு வாங்க முடியுமா?

கேள்வி: என் அத்தாவுக்கு 63 வயது, அம்மாவுக்கு 58. ஹஜ் கமிட்டி மூலம் இரண்டு வருடம் விண்ணப்பித்தும் குறாவில் (குலுக்கலில்) பெயர் வரவில்லை. எங்கள் ஊருக்கு வந்துபோகும் ஏஜென்ட் ஒருவர், "ஓஐசி கோட்டா என்று தனியாக இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒதுக்கி நிரம்பாமல் கிடக்கும் சீட்டுகள் அவை. இந்தியா அதில் உறுப்பினர் இல்லை என்பதால் நேரடியாகக் கேட்க முடியாது. ஜித்தாவில் ஆள் வைத்து வாங்கித் தருகிறேன்" என்கிறார். தலைக்கு 1 லட்சம் முன்பணம் கேட்கிறார். பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கிப் போய்விட்டார். பணம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? அல்லது நாங்களே ஓஐசிக்கு மனு எழுதினால் ஏதாவது நடக்குமா? (வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: சகோதரருக்கு, பணம் கொடுக்காதீர்கள். 'ஓஐசி கோட்டா' என்று எந்த சீட்டும் கிடையாது. ஓஐசி எனப்படும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கையில் ஒரு ஹஜ் இடம்கூட இல்லை, விசா கொடுக்கும் அதிகாரமும் இல்லை.

ஆனால் அந்த ஏஜென்ட் சொன்னது முழுக்க அவர் இட்டுக்கட்டியது என்றும் சொல்ல முடியாது. அவர் எடுத்துவைத்த துண்டுகளில் பாதி உண்மை. ஓஐசி இருப்பது உண்மை. அதன் தலைமைச் செயலகம், நம் ஹாஜிகள் போய் இறங்கும் அதே ஜித்தாவில் இருப்பதும் உண்மை. இந்தியா உறுப்பினர் இல்லை என்பதும் உண்மைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹஜ் கோட்டா என்ற ஏற்பாட்டுக்கும் ஓஐசிக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. அதனால்தான் இந்தக் கதை எடுபடுகிறது. எது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை இதே கதையை வேறு யாராவது சொன்னாலும் உங்களால் மடக்க முடியும்.

ஓஐசி என்பது 57 நாடுகளின் கூட்டமைப்பு. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலில் ஓர் ஆஸ்திரேலியர் தீ வைத்தார். அந்தக் கொதிப்பில் அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத் நகரில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். அமைப்பு பிறந்தது அங்கேதான். அந்தக் கூட்டத்துக்கு இந்தியாவையும் அழைத்திருந்தார்கள். அப்போதைய மத்திய அமைச்சர் ஃபக்ருதீன் அலி அகமது தலைமையில் குழு ரபாத் போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான், இந்தியா உட்கார்ந்தால் நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில் நம் குழு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. 50 ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில், அபுதாபியில் நடந்த வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கு நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் சிறப்பு விருந்தினராகப் போனார். அப்போது வராமல் இருந்தது பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர்! இன்றுவரை இந்தியா உறுப்பினரும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

கோட்டா விஷயத்துக்கு வருகிறேன். 1987 ஜூலை 31 அன்று மக்காவில் ஈரானிய ஹாஜிகள் நடத்திய ஆர்ப்பாட்டம் சவூதி பாதுகாப்புப் படையினருடன் மோதலாக மாறி, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவரை ஈரானிலிருந்து ஒன்றரை லட்சம் பேர்கூட வந்துகொண்டிருந்தார்கள். மோதலுக்குப் பிறகு, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்க சவூதி விரும்பியது. தானே தனியாக அறிவித்தால் ஈரானைக் குறிவைத்ததாகத் தெரியும். எனவே விஷயத்தை ஓஐசியிடம் கொண்டுபோனது. 1988 மார்ச்சில் ஜோர்டானின் அம்மான் நகரில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள், 10 லட்சம் முஸ்லிம் மக்கள்தொகைக்கு 1,000 ஹாஜிகள் என்ற கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். ஈரானுக்குச் சுமார் 45,000 வந்தது. அது ஒத்துக்கொள்ளாமல் 1988 முதல் 1990 வரை மூன்று ஆண்டுகள் யாரையுமே அனுப்பவில்லை.

ஹஜ் இடங்களில் ஓஐசியின் பங்கு இந்தக் கணக்கோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் நடப்பதெல்லாம் இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். சவூதியின் ஹஜ், உம்ரா அமைச்சகம் ஒரு பக்கம், நம் சிறுபான்மையினர் நல அமைச்சகம் மறு பக்கம். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்கள் 17.22 கோடி. ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் 1.72 லட்சம். அண்மை ஆண்டுகளில் நமக்குக் கிடைக்கும் 1,75,025 என்ற எண் இதற்கு வெகு அருகில் இருப்பதைக் கவனியுங்கள். உறுப்பினர் இல்லாத நாட்டுக்கும் அதே கணக்குதான். ஆக, 'இந்தியா உறுப்பினர் இல்லை, அதனால் சுற்றுவழி வேண்டும்' என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அந்தக் கணக்கும் கல்லில் செதுக்கியது இல்லை. கஅபாவைச் சுற்றிக் கட்டுமான வேலை நடந்ததால் 2013 முதல் 2016 வரை எல்லா நாடுகளுக்கும் 20 சதவீதம் வெட்டினார்கள். 2019-இல் ஒசாகா ஜி20 மாநாட்டின்போது நம் பிரதமரும் சவூதி பட்டத்து இளவரசரும் பேசியபின் இந்தியாவின் எண் 2 லட்சமாக உயர்ந்தது. கொரோனாவால் 2020, 2021-இல் வெளிநாட்டிலிருந்து யாரும் போகவில்லை. 2022-இல் 79,237 பேர். இதில் எதற்கும் ஓஐசியைக் கூட்டித் தீர்மானம் போடவில்லை. மக்கள்தொகையில் ஓஐசியின் மிகப் பெரிய உறுப்பு நாடு இந்தோனேசியா. அங்கே பல மாகாணங்களில் பெயர் பதிந்துவிட்டு 20 ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 2024-இல் 20,000 இடம் கூடுதலாகக் கிடைத்ததும் அவர்களுடைய அதிபர் ரியாத்துக்குப் போய் நேரில் கேட்டதால்தான். உறுப்பு நாட்டின் அதிபருக்கே ஓஐசி வழியாகக் கிடைக்காத இடம், உங்கள் ஊர் ஏஜென்டுக்குக் கிடைக்கும் என்று நம்ப முடிகிறதா?

சரி, ஆப்பிரிக்க நாடுகளின் நிரம்பாத இடங்கள்? சில நாடுகளில் நிரம்பாமல் போவது உண்டு. ஆனால் ஒரு நாட்டுக்கு ஒதுக்கிய இடம் அந்த நாட்டவருக்கானது. பயன்படுத்த வேண்டுமானால் அந்த நாட்டு பாஸ்போர்ட் வேண்டும். இதை முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில், பிலிப்பைன்ஸுக்கு ஒதுக்கிய இடத்தில் ஹஜ்ஜுக்குப் போக மணிலா விமான நிலையத்துக்கு வந்த 177 இந்தோனேசியர்கள் பிடிபட்டார்கள். எல்லார் கையிலும் முறைகேடாக வாங்கிய பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட். ஊர்ப்பக்கத்து எளிய மனிதர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். பணம் கட்டி, இஹ்ராம் நினைப்போடு கிளம்பியவர்கள் தடுப்பு முகாமில் போய் உட்கார்ந்தார்கள்.

உங்கள் பெற்றோர் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: முன்பணம் வாங்குவார்கள், கடைசி நேரத்தில் சுற்றுலா விசாவையோ குடும்ப விசாவையோ கையில் கொடுத்து 'அங்கே போனதும் பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். இதுதான் எனக்குப் பயம். 2024 ஹஜ்ஜில் வெயில் கொளுத்தியபோது 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு சொன்னது. அவர்களில் 83 சதவீதம் அனுமதிச் சீட்டு இல்லாமல் போனவர்கள். அனுமதி இல்லையென்றால் ஹாஜிகள் தங்கும் மினாவில் கூடாரம் இல்லை, பேருந்து இல்லை, குளிரூட்டிய இடம் இல்லை. 50 டிகிரியைத் தொடும் வெயிலில் மைல்கணக்கில் நடக்க வேண்டும். பிடிபட்டால் 20,000 ரியால் வரை அபராதம், நாடு கடத்தல், 10 ஆண்டு தடை. 63 வயதில் 10 ஆண்டுத் தடை என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனு எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். ஓஐசிக்கு எழுதினால் தபால் செலவுதான். தனிமனிதர்களின் ஹஜ் விண்ணப்பத்தைப் பார்க்க அங்கே பிரிவும் கிடையாது, வேலையும் கிடையாது. அது நாடுகள் பேசிக்கொள்ளும் இடம். உச்சி மாநாடு, அமைச்சர்கள் கூட்டம், தீர்மானங்கள் இவைதான் அதன் தொழில். அதோடு சேர்ந்த இஸ்லாமிய வளர்ச்சி வங்கி போன்ற அமைப்புகள் தனியாக உருப்படியான வேலை செய்கின்றன என்றாலும் அவற்றுக்கும் ஹஜ் கோட்டாவுக்கும் சம்பந்தமில்லை. எழுதத்தான் வேண்டும் என்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். 2025-இல் தனியார் ஹஜ் குழுக்களுக்கான 52,507 இடங்கள் சிக்கலில் மாட்டியதே, நினைவிருக்கும். மினா இடத்துக்கும் போக்குவரத்துக்கும் காலக்கெடுவுக்குள் ஒப்பந்தம் முடிக்கவில்லை என்று சவூதி கதவைச் சாத்திவிட்டது. தில்லி தலையிட்ட பிறகு 10,000 பேருக்கு மட்டும் இணையதளத்தைத் திறந்துவிட்டார்கள். மூடியதும் ரியாத், திறக்க வைத்ததும் தில்லி.

இனி, உங்கள் பெற்றோர் எப்படிப் போகலாம் என்று பார்ப்போம். ஏஜென்ட் சொன்ன 'நிரம்பாத சீட்டு' உண்மையில் இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவில் இல்லை, பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் அசாமிலும் இருக்கிறது! இந்திய ஹஜ் கமிட்டி தன் பங்கை மாநிலங்களுக்கு முஸ்லிம் மக்கள்தொகை விகிதத்தில் பிரிக்கிறது. 2025-இல் கமிட்டியின் பங்கு 1,22,518. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் 42 லட்சம் பேர் என்பதால் நேர்க்கணக்கில் நமக்கு வருவது 3,000 சொச்சம். விண்ணப்பமோ அதைவிட அதிகம். மேற்சொன்ன மாநிலங்களில் ஒதுக்கிய அளவுக்கு விண்ணப்பம் வருவதில்லை. மிஞ்சுவதைத் தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். இந்த இடம் யார் சிபாரிசும் இல்லாமல், காத்திருப்போர் பட்டியல் வரிசைப்படி வந்து சேரும். எனவே குறாவில் பெயர் இல்லை என்றதும் மனம் விட்டுவிடக் கூடாது. காத்திருப்பு எண் என்ன என்று பாருங்கள். பணம் கட்டாதவர்கள், உடல்நிலையால் விலகியவர்கள் இடமும் சேர்ந்து, பட்டியல் பல கட்டமாக நகரும். கடந்த ஆண்டு காத்திருப்பில் இருந்தவர்களுக்கு இந்த முறை முன்னுரிமை உண்டா என்பதையும் சென்னையிலுள்ள மாநில ஹஜ் குழுவில் கேளுங்கள். பழைய கவர் எண் (விண்ணப்ப எண்) இருக்கும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அத்தாவின் வயது. 65 நிறைந்தவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. முன்பு 70 என்று இருந்ததை 2025 ஹஜ் கொள்கையில் 65 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பிரிவில் உடன்வர ஒரு துணை வேண்டும், அம்மா அந்தத் துணையாக வர முடியுமா என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். குலுக்கலுக்கு முன்பே இடம் கிடைக்கும் வாய்ப்பு அங்கே மிக அதிகம். அதாவது விதி இப்படியே நீடித்தால் இன்னும் இரண்டு ஆண்டில் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்தத் தேதி வரை வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பது ஒவ்வோர் ஆண்டு அறிவிப்பிலும் இருக்கும். சில வாரம் முன்பின் ஆனாலும் பிரிவு மாறிவிடும் என்பதால் பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை பொதுப் பிரிவில் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள்.

இரண்டு ஆண்டு காத்திருக்க மனமில்லை, பணமும் இருக்கிறது என்றால் அரசிடம் பதிவு செய்த தனியார் குழுக்கள் இருக்கின்றன. செலவு கூடுதல், ஆனால் முறையான வழி. அந்தந்த ஆண்டுக்குச் சிறுபான்மையினர் நல அமைச்சகம் வெளியிடும் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். போன வருடம் பட்டியலில் இருந்தார்கள் என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். 'துணை ஏஜென்ட்' என்று வருபவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த வாரமே அந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் திரும்ப வாங்குங்கள். 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. முன்பணம் வராமல் தரமாட்டேன் என்று பிடித்துவைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை. தனியாகப் போகாமல் ஜமாஅத் நிர்வாகிகள் இருவரை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ஹஜ் விண்ணப்பம் இப்போதெல்லாம் மிக முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. 2026 ஹஜ்ஜுக்கு 2025 ஜூலையிலேயே திறந்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூடிவிட்டார்கள். அந்த நேரத்தில் பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் இன்னொரு வருடம் வீணாகிவிடும்.