வாசகர் கேள்வி–பதில்: மொருங் என்பது கோயிலா, காவல் கூடமா?

கேள்வி: நாகாலாந்தின் மோன் மாவட்டத்துக் கிராமங்களில் ‘மொருங்’ என்றொரு கூடம் இருக்கிறதாமே, அது கோயிலா, காவல் கூடமா?

பதில்: கோயில் அல்ல; காவல் கூடம் என்பது பாதி உண்மை. அங்கு வாழும் கொன்யாக் நாகர் பழங்குடியினரின் ஊர்களில் சிறுவன் ஓரளவு வளர்ந்ததும் இரவில் வீட்டில் உறங்காமல் மொருங்கில் தங்கி, வேட்டை, போர்முறை, கூடை முடைதல், பாட்டு, குலக்கதைகள் யாவற்றையும் மூத்தவர்களிடம் கற்றான். எழுத்து வழக்கம் இல்லாத சமூகத்துக்கு அதுவே பள்ளிக்கூடம். தூண்களில் புலியும் இருவாச்சிப் பறவையும் செதுக்கப்பட்டிருக்கும். அங்கே கிடத்தப்பட்டிருக்கும் மரமுரசு, ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. அந்த மரத்தை ஊரார் திரண்டு, பாடியபடியே காட்டிலிருந்து இழுத்து வருவார்கள். ஆண்கள் வரிசையாக நின்று கட்டைகளால் அதை இடிக்கும் விதத்தைக் கொண்டே, வந்திருப்பது பகையா, தீயா, சாவா, திருவிழாவா என்பது தொலைவில் வயலில் நிற்பவருக்கும் விளங்கிவிடும்.

கிறித்தவமும் பள்ளிகளும் பரவியபின் இரவுத் தங்கல் அருகிவிட்டது. பாதிரிமாரை மட்டும் குறை சொல்வது, என் பார்வையில், நியாயமாகாது. தலைவெட்டும் போர்கள் ஓய்ந்தபிறகு இரவுக்காவலின் தேவையும் குறைந்துபோனது. இன்றும் ஏப்ரல் தொடக்கத்தில் நடைபெறும் ஆவோலிங் வசந்த விழாவில் மரமுரசின் ஒலியைக் கேட்கலாம்.