நாற்பதாவது முறை சொல்லும் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அக்கா மணிக்கணக்கில் கை கழுவியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். எங்களுக்கு எட்டு மாதக் குழந்தை. என் கணவர் மூன்று மாதமாக அவளைத் தூக்குவதே இல்லை. கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார். கேட்டால் அழுகிறார். 'பாப்பாவை ஏதாவது செஞ்சிடுவேனோன்னு தோணிக்கிட்டே இருக்கு' என்கிறார். நாள் முழுக்க ஒரே கேள்வி: 'நான் அப்படிப்பட்டவன் இல்லதானே?' இல்லை என்பேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பார். ஒரு மருத்துவர் வெறும் பதற்றம் என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் பயப்பட வேண்டுமா? என் பதில் அவருக்குப் போதவில்லையா? அவரும் உங்களைப் படிப்பவர்தான். 'நீங்கள் செய்யமாட்டீர்கள்' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் நம்புவார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஓசிடி போலத்தான் தெரிகிறது. எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள்: வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வரும், அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். அதை உறுதிசெய்ய வேண்டியவர் அவரை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர். நான் மருத்துவன் இல்லை. அக்காவோடு பதினொரு வருடம் இந்த நோயின் பக்கத்தில் வாழ்ந்தவன்.

முதலில் உங்கள் பயம். குழந்தையைக் கீழே போட்டுவிட்டால், ஓடுகிற வண்டியின் முன்னால் குதித்துவிட்டால் என்றெல்லாம் சட்டென்று ஒன்று மனதில் வெட்டிப் போவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். உளவியலாளர்களான ஸ்டான்லி ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களிடமும் இதே மாதிரி எண்ணங்கள் இருப்பதைக் காட்டினார்கள். மற்றவர்கள் 'சே, என்ன நினைப்பு இது' என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவரோ 'எனக்கு ஏன் இது வந்தது? அப்படியென்றால் நான் யார்?' என்று அங்கேயே நின்றுவிடுகிறார். பக்தி மிகுந்தவருக்குக் கடவுளைத் திட்டும் சொற்கள் வரும், மகளை உயிராக நினைப்பவருக்கு மகளைப் பற்றியே வரும். எது மிகவும் வேண்டியதோ அதன் மேல்தான் இந்த நோய் கை வைக்கிறது. புதிதாகத் தாய் தகப்பன் ஆனவர்களிடம் இது அடிக்கடி தலைகாட்டுகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்கி, கத்தியைப் பரணில் ஏற்றி, அழுகிற மனிதர்கள் அதைச் செய்யப் போகிறவர்கள் இல்லை.

வேறு மாதிரியான அறிகுறிகளும் உண்டு. காதில் குரல் கேட்டுக் கட்டளையிடுவது, அந்த எண்ணம் சரியென்றே படுவது, தூக்கமில்லாமல் விசித்திரமான வேகத்தில் இருப்பது, 'நான் இருக்கவே கூடாது' என்று பேசுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இனி, உங்கள் பதில் போதவில்லையா என்ற கேள்வி. கடிதத்தில் என்னைக் கலங்கடித்தது இதுதான். நானும் இதையே வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அக்கா குளியலறைக் கதவைத் திறந்து இரண்டு கைகளையும் நீட்டுவாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, மணிக்கட்டில் தோல் வெடித்திருக்கும். "சுத்தமா இருக்கா, பாத்துச் சொல்லு." இருக்கு என்பேன். "சரியா பாத்துச் சொல்லு." திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் சொல்வேன். அவள் முகம் ஒரு கணம் தெளியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அத்தனை தடவை சொன்னேன். பிறகு கதவு சாத்தும், உள்ளே குழாய் திறக்கும்.

அந்தத் தெளிவுதான் நோய்க்குத் தீனி. பதற்றம் ஏறுகிறது, சடங்கு மாதிரி ஒரு காரியத்தைச் செய்கிறார், பதற்றம் இறங்குகிறது. 'இதைச் செய்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அவசரமாக அதையே கேட்கிறது. அக்காவுக்கு அந்தக் காரியம் கை கழுவுவது. உங்கள் கணவருக்கு உங்களைக் கேட்பது. நீங்கள் அன்போடு சொல்லும் 'இல்லை' அவருடைய சடங்கின் பாதியாகிவிட்டது. மேலே அவரைப் போன்றவர்களைப் பற்றி நான் சொன்னதை ஒருமுறை சொன்னால் அது தகவல். நாற்பதாவது முறை சொன்னால் அதுவும் சடங்குதான். உங்கள் மேல் குற்றமில்லை. வீட்டில் இருக்கும் எல்லாரும் செய்வது இது.

1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இரண்டு நோயாளிகளிடம் இந்தச் சங்கிலியை அறுத்துப் பார்த்தார். பயப்படும் சூழலில் அவர்களை இருக்கவைத்து, சடங்கை மட்டும் செய்யவிடாமல் தடுத்தார். இருவரும் தேறினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஈஆர்பி (Exposure and Response Prevention) எனப்படும் சிகிச்சை. ஓசிடிக்கான பேச்சு சிகிச்சைகளில் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பயங்களை ஏணி மாதிரி அடுக்கி, அடிப்படியிலிருந்து ஏறுவார்கள். பாப்பா இருக்கும் அறையில் பத்து நிமிடம் உட்காருவது முதல் படியாக இருக்கலாம். பிறகு மடியில் வைத்துக்கொள்வது. அதற்கும் மேலே ஒருநாள் பரணிலிருந்து கத்தியை இறக்கி, குழந்தை அதே அறையில் விளையாட, காய் நறுக்குவது. ஒவ்வொரு படியிலும் 'நான் அப்படிப்பட்டவன் இல்லதானே' என்று கேட்காமல் இருப்பதுதான் வேலையே. பதற்றம் உச்சிக்குப் போகும், தாங்காது என்று தோன்றும், பிறகு தானாக இறங்கும். இறங்காத நாளிலும் அந்தச் சந்தேகத்தோடேயே இருக்கப் பழகிவிடுவார். பயிற்சி பெற்ற உளவியலாளர் துணை வேண்டும். நீங்களே வீட்டில் ஆரம்பிக்காதீர்கள்.

மருந்தும் உண்டு. செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின் போன்றவை, பழையதில் குளோமிப்ரமின். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படலாம், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் 'இது வேலை செய்யல' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். என் அக்காவும் போட்டாள். நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவரிடம் கேட்டுத்தான். தூக்க மாத்திரை இந்த நோயைத் தொடுவதில்லை. ஓசிடியை ரொம்ப நாள் பதற்ற நோய்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடுதான் தனி வகையாகப் பிரித்தது. அதனால் 'வெறும் பதற்றம்' என்ற பதிலோடு திரும்பாதீர்கள். "ஓசிடியா என்று பாருங்கள், ஈஆர்பி தெரிந்தவர் இருக்கிறாரா" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

'நினைக்காதே, விட்டுவிடு' என்று சொல்பவர்களை அவர் பக்கம் விடாதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்றால் யாரால் முடியும்?

உங்கள் பதில்களையும் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அது அவருக்குத் தண்டனையாகப் படும். அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில், முடிந்தால் சிகிச்சையாளர் முன்னிலையில், இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் கேட்கும்போது, "பயமா இருக்குன்னு தெரியுது. இது ஓசிடி கேக்கற கேள்வி, பதில் சொல்லமாட்டேன்னு பேசியிருக்கோம். நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். முதல் சில நாள் உங்களுக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அக்காவிடம் முதல்முறை "பாக்கமாட்டேன்கா" என்று சொன்ன அன்று நான் மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். அவள் கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்காக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்று இரவு அதைப் பத்து முறை படிப்பார், நாளைக்கு 'அவருக்கு என்னைத் தெரியாதே' என்று தோன்றும், மறுநாள் இன்னொரு வரி வேண்டியிருக்கும். தம்பி, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: மருத்துவரைப் பார்க்க எந்தக் கிழமை போகிறீர்கள்?