இன்சுலின் போட்டா லைசென்ஸ் போயிடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயசு, டூரிஸ்ட் வேன் ஓட்டுறார். ரொம்ப வருஷமா சுகர். மாத்திரையோட இப்ப இன்சுலினும் ஆரம்பிச்சிருக்காங்க. போன வாரம் பழனி போயிட்டு வர்றப்போ ஏசி ஓடிட்டு இருக்கும்போதே சட்டை நனையுற அளவுக்கு வேர்த்துச்சு, வேன் எதிர்ப்பக்கம் ஏறிடுச்சு, நிறுத்துங்கன்னு கத்துனா என்னையே கன்னாபின்னான்னு திட்டுறார். லைசென்ஸ் ரினியூவல் வருது. யார்கிட்டயும் சொல்லாத, ஆர்டிஓ ஆபீஸ்ல தெரிஞ்சா பொழப்பே போயிடும்ங்கிறார். மறைக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: மறைக்காதீங்கம்மா. சுகர் இருக்குங்கிறதுக்காக மட்டும் நம்ம ஊர்ல யாரும் லைசென்ஸை பிடுங்க மாட்டாங்க. லைசென்ஸுக்கு நாமளே எழுதிக் கொடுக்குற உடல்தகுதி உறுதிமொழி, படிவம் 1-ல கேக்குறது திடீர்னு மயக்கம், தலைசுத்தல் வருமா, வலிப்பு இருக்கா, 25 மீட்டர் தூரத்துல நம்பர் பிளேட் தெரியுதா, இந்த மாதிரிதான். 40 தாண்டினவர், அதுவும் வாடகை வண்டி ஓட்டுறவர்ங்கிறதால டாக்டர் பாத்து கையெழுத்து போடுற படிவம் 1ஏ-வும் வேணும். அதனால கவலைப்பட வேண்டியது ஆர்டிஓ ஆபீஸை நினைச்சு இல்ல, அன்னைக்கு வேர்த்துச்சே, அதை நினைச்சுதான்.

நீங்க சொல்றதைப் பாத்தா அது லோ சுகர் மாதிரிதான் இருக்கு. ரத்தத்துல சுகர் 70-க்கு (mg/dL) கீழ போனா வேர்வை, படபடப்பு, கை நடுக்கம், அதுக்கும் கீழ இறங்குனா மூளைக்கு குளுக்கோஸ் பத்தாம குழப்பம், காரணமே இல்லாத கோபம். அவர் உங்களை வேணும்னு திட்டல. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இது அபூர்வம், ஆனா இன்சுலின், கிளிமிபிரைட் மாதிரி மாத்திரை எல்லாம் சாப்பாடு தள்ளிப்போனா சுகரை இறக்கிவிட்டுடும், டிரைவர் வேலையில சாப்பாடு என்னைக்கு நேரத்துக்கு கிடைச்சிருக்கு, விடிகாலை ட்ரிப்புன்னா மாத்திரையைப் போட்டுட்டு ஒரு டீயோட கிளம்பிடுறாங்க.

டாக்டரைப் பாக்குற வரைக்கும் வேனை எடுக்க வேண்டாம். வருமானம் போகுதுன்னு தெரியும், ஆனாலும் பின்னாடி உக்காந்திருக்கிறது அடுத்தவங்க குடும்பம். டாக்டர் டோஸை சரி பண்ணி ஓட்டலாம்னு சொன்னப்புறம் ஒரு குளுக்கோமீட்டர் கையோடவே இருக்கட்டும். சாவி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, லாங் ட்ரிப்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாக்கணும், பிரிட்டன்ல இன்சுலின் போடுற டிரைவர்களுக்கு இதை விதியாவே வச்சிருக்காங்க. 90-க்கு கீழ இருந்தா சாப்பிட்டுட்டு கிளம்பணும், 70-க்கு கீழன்னா ஓட்டவே கூடாது. மீட்டர், ஸ்ட்ரிப், இன்சுலின் எதையும் வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, கெட்டுப்போயிடும்.

ஓட்டும்போதே ஒரு மாதிரி இருந்தா ஓரங்கட்டி, சாவியை எடுத்துட்டு, டிரைவர் சீட்டை விட்டு இறங்கிடணும். மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை தண்ணியில கலக்கி குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும், இன்னும் ஏறலைன்னா இன்னொரு தடவை குடிக்கணும். முக்கியமா அவரோட மாத்திரை அட்டையில வோக்லிபோஸ்னு பேர் இருக்கான்னு பாருங்க, அது சாப்பிடுற மாவுச்சத்தும் சர்க்கரையும் குளுக்கோஸா உடையுறதை மெதுவாக்குற மருந்து, இருந்தா சர்க்கரை, மிட்டாய், பிஸ்கட் எல்லாம் அவசரத்துக்கு சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸேதான் வேணும், இதை நிறைய பேருக்கு யாரும் சொல்றதே இல்ல. சுகர் சரியானதும் உடனே ஸ்டியரிங்கை பிடிக்கக் கூடாது, மூளை தெளிய இன்னும் நேரம் எடுக்கும், 45 நிமிஷமாவது போகட்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணுல சொட்டு மருந்து விட்டு விழித்திரையை பாக்கணும், அன்னைக்கு அவர் வண்டி ஓட்ட வேண்டாம், பார்வை மங்கலாவே இருக்கும். பாதம் மரத்துப்போச்சுன்னா பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம்னே தெரியாது, அதையும் செக் பண்ணச் சொல்லுங்க. பிபிக்கு அட்டினோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுறாரான்னும் டாக்டர் கேட்டுக்கட்டும், அது படபடப்பை அமுக்கிடும், லோ ஆகுறதே தெரியாம போகலாம்.

டாக்டர்கிட்ட அவரை மட்டும் தனியா அனுப்பாதீங்க, நீங்களும் போங்க. எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார், கடைசியா எப்ப சாப்பிட்டார், எவ்வளவு நேரம் அப்படி இருந்தார், திட்டினது உட்பட எல்லாத்தையும் நீங்க சொல்லுங்க. லோ ஆன நேரத்துல நடந்தது அவருக்கு பாதி ஞாபகமே இல்லாம இருக்கலாம்.